மாதிரி

பரிசோதனைக் கூடத்துக்கு வரும் பாட்டில்களில்
பாதி, யாரோ குளிர்பானம் குடித்து முடித்தவை.
மூன்று முறை அலசி நிரப்பச் சொன்னாலும்
மூடியில் ஆரஞ்சு வாசம் ஒட்டியிருக்கும்.
எண் நூற்றுப் பதினேழு. ஏரியூர்ப் பக்கம்.
ஆழ்துளை, எழுநூற்று நாற்பது அடி.
கொண்டுவந்தவர் மாதம்மாள், கைநாட்டு.

புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை.
நாக்கில் வைத்தாலும் சொல்லாது.
சிவப்புத் திரவம் அளந்து விடுவேன்.
அது இருந்தால் சிவப்பு வெளிறும்.
போன நிறத்தைக் கொண்டு
வந்திருப்பதன் அளவை எழுதுவேன்.
பதினோரு வருஷமாய் இதுதான் பிழைப்பு.

பக்கத்து மேசை முனிரத்தினம்
மத்தியானச் சோற்றுக்கு நடுவே கேட்டார்:
"ஞாயிறு தவறாம கோவிலூர் போறீங்க.
பார்த்ததில்லை, தொட்டதில்லை.
தெரியும்னு எப்படிம்மா சொல்றீங்க?"
கிண்டல் இல்லை.
போன ஆடியில் மனைவியை எரித்துவிட்டு வந்தவர்.
ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினேன்.
பதில் அப்போது வரவில்லை.

பென்னாகரம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது.

எங்கள் கொல்லையில் அப்பா போட்ட போர் மூன்று.
மூன்றிலும் புழுதி. கல்மாவு படிந்து
முருங்கை வெள்ளையாய் நின்றது.
கடன் மட்டும் ஊறியது.
மூன்றாவதின் வாயை ஒரு பலகைக் கல்லால் மூடினார்.
ஆறு வருஷம் கழித்து ஓர் ஐப்பசி,
விட்டு விட்டுப் பதினெட்டு நாள் மழை.
விடியலில் கல் நகர்ந்து கிடந்தது.
மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை,
தண்ணீர் தானே மேலேறி
வாசல்வரை நடந்து வந்திருந்தது.
அப்பா செருப்பைக் கழற்றினார்.
ஏனென்று அவருக்கும் தெரியாது.

முனிரத்தினம்,
மாதிரி என்றால் ‘போல’ என்பார்கள்.
நம் வேலையில் அப்படி இல்லை.
மாதிரி என்றால் அதிலேயே எடுத்தது.
எழுநூறு அடிக்குக் கீழே எவ்வளவு கிடக்கிறது,
எந்தப் பாறையோடு முடிகிறது,
எனக்குத் தெரியாது.
தெரியும் என்பவரை நம்பாதீர்கள்.
ஆனால் பாட்டிலில் இருப்பது
தண்ணீரைப் போன்ற வேறொன்று அல்ல.
அரை லிட்டர்தான். பொய்யில்லை.
கை காய்த்த ஒரு தச்சனை
நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது
இந்த அர்த்தத்தில்.

உவமை இங்கே உடையும்.
இந்தத் தண்ணீர் எலும்பை வளைக்கிறது,
முப்பது வயசில் குனிந்து நடப்பவர்கள் ஊரில் உண்டு.
பிழையைக் குறித்துவைப்பதும் என் வேலை.
குறித்துவிட்டேன்.

முடிவு வாங்க மாதம்மாள் வந்தார்.
லிட்டருக்கு மூன்று புள்ளி இரண்டு.
குடிக்காதீங்க, ஒகேனக்கல் குழாய்த் தண்ணி பிடிங்க என்றேன்,
வழக்கம்போல் வாயைக் கையால் மறைத்து.
"கையை எடு கண்ணு. எந்த ஊரு நீ?"
எடுத்தேன்.
பல்லில் பழுப்புக் கோடுகள்,
ஏழு வயசுக்குள் விழுந்தவை.
அவர் சிரித்தார். அவருக்கும் அதே.
"நம்ம தண்ணி" என்றார்.

நான் அதை அளக்கக் கற்றது கல்லூரியில்.
அது என்னை எழுதியிருந்தது
நான் அ எழுதும் முன்னே.

கல்யாணப் போட்டோவிலும் வாய் மூடியிருக்கிறேன்.
ஞாயிறு, நற்கருணைக்கு வரிசை நகரும்.
மற்றவர்கள் கையில் வாங்குகிறார்கள்.
நான் நாவில்.
அந்த ஓர் இடத்தில்தான்
கையை இறக்கி வாயைத் திறக்கிறேன்.
எந்தக் கோடு எந்த வருஷத்துத் தண்ணீர் என்று
அங்கே தெரியும்.

இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது.
அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் முனிரத்தினம்
என் மேசையில் ஒரு பாட்டில் வைத்தார்.
வீட்டுக் கிணறு. கடைசியாய் அவர் மனைவி இறைத்து
குடத்தில் விட்டுப்போனது.
"டெஸ்ட் பண்ண வேணாம்மா.
சும்மா, இங்க இருக்கட்டும்."

எண் எழுதவில்லை.
வெயில் படாத பக்கம் வைத்தேன்.